லேயர் தீனியும் சாந்தாமணியின் தட்டும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் புரதம் என்றால் என்னவென்று படித்துத் தேறி வந்தவர்கள். பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். ஊர் ஊராகப் போய் ஒப்பித்தேன். நான் ஒப்பித்ததால் எந்த ஊரிலும் யார் தட்டிலும் ஒரு கரண்டி பருப்பு கூடுதலாக விழவில்லை. பிறகு எப்படி விழுந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கிறுக்குத்தனமான கதைதான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற பக்கத்துக் கிராமங்களில் எனக்குக் கிராம சேவிகா வேலை. சேலத்தில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஜவுளி வியாபாரம். எங்கள் வீட்டில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் எலும்பு சூப்பும் ஈரலும் முட்டையும் அவளைத் துரத்திக்கொண்டே வரும். வேண்டாம் வேண்டாம் என்று அவள் ஓடுவாள். மாசமான பெண்ணுக்குச் சாப்பாட்டைக் குறைப்பார்கள் என்பது எனக்கு இந்த வேலைக்கு வந்துதான் தெரியும். பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாம். அதனால் ரசம் சோறு. முட்டை சூடாம், பருப்பு வாயுவாம், நிலக்கடலை பித்தமாம், கருவாடு அரிப்பாம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ரசம்தானே மிஞ்சும்?

அலுவலகத்தில் எனக்கு ஒரு கட்டு விளக்கப் படங்கள் கொடுத்திருந்தார்கள். அதை விரித்துப் பாடம் சொன்னதால் ஊர்களில் எனக்கு டீச்சரம்மா என்றே பெயர். ஒரு படத்தில் பருப்புக் கிண்ணம், முட்டை, மீன், பால் செம்பு. கீழே ‘உடலை வளர்க்கும் உணவு’ என்று எழுதியிருக்கும். அடுத்த படத்தில் அதையெல்லாம் சாப்பிட்ட ஒரு அம்மா சிரித்துக்கொண்டு நிற்பாள். பெண்கள் வெகு உன்னிப்பாகப் பார்ப்பார்கள். பார்த்து முடித்துவிட்டு, அந்த அம்மா கட்டியிருக்கிற சேலை எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். எங்கள் அத்தா கடையில் கிடைக்கும் என்று சொல்லி இரண்டொரு சேலை விற்றுக்கூடக் கொடுத்திருக்கிறேன். புரதம்தான் விற்கவில்லை.

அந்த ஊர்களில் ஒன்றில் நாச்சிமுத்து என்று ஒரு பண்ணைக்காரர் இருந்தார். தோட்டம் துரவு உள்ள பழைய குடும்பம். கிணறு வற்றத் தொடங்கியதும் பாதி நிலத்தில் கோழிக் கொட்டகை போட்டுவிட்டார். அப்போது அந்தப் பக்கம் பாதிப் பேர் கோழிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அவர் மனைவி பாவாயிக்கும் ஒரே மகன். அவன் லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. மருமகள் பெயர் சாந்தாமணி. அவளுக்கு முதல் பிள்ளை எடையே இல்லாமல் பிறந்து, பிறந்த கையோடு போய்விட்டது. இரண்டாவது வயிற்றிலேயே தங்கவில்லை. இப்போது மூன்றாவது. நான் முதன்முதலாகப் பார்த்தபோது கன்னம் ஒட்டி, கணுக்கால் வீங்கி, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுவும் தங்காவிட்டால் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று பாவாயி, அவள் காதுபடவே பேசிக்கொண்டிருந்தார். ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டரம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். மாத்திரை கொடுத்தாயிற்று, இனி அந்தப் பெண் சாப்பிட்டால்தான் உண்டு, நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

நானும் படக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அரசாங்கப் பையோடு வாசலில் நின்றவளைப் பார்த்ததும் கோழி பார்க்க வந்திருக்கிறேன் என்று நாச்சிமுத்து முடிவு செய்துவிட்டார். என்னை வாயைத் திறக்க விடவில்லை. நேரே கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு தீனியைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் கேட்டேன். மக்காச்சோளம் எவ்வளவு, தவிடு எவ்வளவு, கடலைப் புண்ணாக்கு எவ்வளவு, கருவாட்டுத் தூள் எவ்வளவு என்று விரல் மடக்கிச் சொன்னார். முட்டையிடுகிற கோழிக்கென்று கலக்கும் இந்தத் தீனிக்கு லேயர் தீனி என்று பெயராம். ஓடு மெலிந்தால் தீனியில் கிளிஞ்சல் தூள் பற்றவில்லை, முட்டை சிறுத்தால் புரோட்டீன் பற்றவில்லை என்றார். ஒன்றியம் முழுக்க நான் தொண்டை வறளக் கத்தியும் ஒருவர் வாயிலும் நுழையாத அந்தச் சொல் அவர் வாயில் சர்வசாதாரணமாகப் புரண்டது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கொட்டகையை விட்டு வெளியே வந்தால் வாசலில் ஒரு ஈயச் சட்டி. அதில் ஓடு விரிசல் விட்ட முட்டைகளை உடைத்து ஊற்றியிருந்தார்கள். அந்த வீட்டு நாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நாயை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி மினுமினுவென்று இருந்தது. அதற்குப் பின்னால் சாந்தாமணி எனக்கு மோர் கொண்டுவந்தாள். சொம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நாயையும் அவளையும் ஒரே பார்வையில் பார்த்தேன்.

படங்களை விரித்தேன். வழக்கமான பேச்சைத் தொடங்கினேன். பாவாயி குறுக்கே வெட்டினார். “ஏ அம்மிணி, நாங்கெல்லாம் முட்டையத் தின்னுட்டா பெத்தோம்?” என்று கேட்டார். அவர் பெற்றது பலர், தங்கியது ஒருவன் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் அதை எடுத்து வீசியிருக்க மாட்டேன். நீங்களும் வீசாதீர்கள்.

படத்தை மடக்கினேன். யோசித்துத் திட்டம் போட்டுக் கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எரிச்சலில் வாயில் வந்தது. நாச்சிமுத்துவைப் பார்த்து, உங்கள் கொட்டகையில் ஒரு கோழி முதல் தடவை சின்னதாக இட்டு, அடுத்த தடவை ஓடே இல்லாமல் தோல்முட்டை இட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“கழிச்சுப் போடுவனுங்க” என்றார். கழிப்பது என்றால் கறிக்குத் தள்ளிவிடுவது. பாவாயி சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். சமையலறைக் கதவோரம் நின்ற சாந்தாமணி உள்ளே போய்விட்டாள். நானே போய் அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

நாச்சிமுத்து மேல்துண்டை எடுத்து உதறினார். ஏதோ கணக்கு உதைப்பது போல அவர் முகம் இருந்தது. “அதுக்கு முன்னால தீனியப் பாப்பனுங்க டீச்சரம்மா. தீனி சரியில்லீன்னா கோழி மேல குத்தஞ் சொல்லிப் பிரயோசனமில்லீங்க” என்றார். சொல்லிவிட்டு அந்தச் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாவாயியைக் கேட்டார். “ஏம்புள்ள, நம்மூட்ல அந்தப் புள்ளைக்கு என்ன தீனி போடற?”

பாவாயிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அடுப்பங்கரைக் கணக்கை அவர் கேட்டதே இல்லையாம். ஆனால் தீனி என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் நாச்சிமுத்து சொன்னதுதான் சட்டம். அன்றைக்கே சாந்தாமணி தீனிப் பட்டியலில் ஏறிவிட்டாள். நாய்க்கு முட்டை நின்றது. நாய் அதற்காக என்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை, கடைசி வரைக்கும் என்னைக் கண்டால் குரைக்கும்.

இங்கே ஒரு சங்கடம். அந்தக் குடும்பங்களில் மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட முடியாது. பாவாயி மூலமாகச் சொன்னால் பாதிச் செய்தி வழியிலேயே காணாமல் போகும். கொள்ளு வேகவைத்துக் கொடு என்று சொன்னால், கொள்ளு வெந்த தண்ணீர் அவளுக்கும் கொள்ளு மாட்டுக்கும் போகும். அதனால் நாச்சிமுத்து வாசலில் நின்று நாயிடம் பேசத் தொடங்கினார். “ஏண்டா, காலைல பச்சப்பயறு தின்னாச்சா?” என்று நாயைப் பார்த்து உரக்கக் கேட்பார். உள்ளேயிருந்து சாந்தாமணி சொம்பை ஒரு தட்டுத் தட்டினால் ஆச்சு, சத்தமே வரவில்லை என்றால் இல்லை. நாய் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர் அந்த மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று என்னிடமே துக்கம் விசாரித்தார்.

அடுத்தது எடை. வளர்கிற கோழியை மாதிரிக்கு எடுத்து எடை பார்ப்பது பண்ணை வழக்கம். எடை பார்க்காமல் தீனி ஏறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று நாச்சிமுத்து கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மாதாமாதம் சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னேன். அவ்வளவு நாள் பொறுக்க அவரால் முடியவில்லை. தீனி மூட்டை நிறுக்கிற தராசை வேப்பமரத்துக் கிளையில் கட்டி, பலகை வைத்து ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டுவிட்டார். அதில் சாந்தாமணி உட்கார, பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு கல் வைப்பார். முதல் வாரம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அடுத்த வாரம் தாங்களும் ஏறிப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த வாரம் நான் போனபோது மரத்தடியில் வரிசை நின்றது. எங்கள் அலுவலகம் தண்டோரா போட்டும் வராத கூட்டம். நான் நைசாகப் படக்கட்டை எடுத்து விரித்தேன், அன்றைக்கும் சேலையைத்தான் கேட்டார்கள்.

பிறகு ஒருநாள் சாந்தாமணியின் கண்கள் உள்ளே போயிருந்தன. தூக்கமே இல்லை என்றாள். போய்ப் பார்த்தால் அவள் படுக்கிற அறையில் ஒரு பெரிய பல்பு எரிகிறது. கொட்டகையில் பொழுது சாய்ந்த பிறகும் விளக்குப் போட்டு வைத்தால் கோழி நன்றாக முட்டையிடும். அதே கணக்குத்தான். அணைக்கக் கூடாது என்று உத்தரவு. நான் நாச்சிமுத்துவிடம் போய், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் இடுமே, இந்த உருப்படி பத்து மாதம் பொறுத்து இட வேண்டியதை முன்னாலேயே இட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் பாதி வழி ஓடிவிட்டார். சுட்டுக்கொண்டாலும் பரவாயில்லை என்று வெறுங்கையாலேயே பல்பைக் கழற்றிவிட்டார்.

இன்னொரு தடவை சோற்றை நிறுத்திவிட்டார். சோறு என்ன, வெறும் மக்காச்சோளம் மாதிரிதானே, புரோட்டீனை மட்டும் கொடுத்துவிடலாம் என்று முட்டையும் கொள்ளும் பயறுமாகக் கொட்டியிருக்கிறார். அந்தப் பெண் வாந்தியெடுத்துக் கிடந்தாள். இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இன்றைக்கு இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். உடம்புக்கு ஓட ஒரு சக்தி வேண்டும். சோறோ ராகியோ கம்போ அதைத் தராவிட்டால், பாடுபட்டுக் கொடுத்த புரதத்தை உடம்பு அடுப்பில் விறகாக எரித்துவிடும். சதை வளர்க்க, பிள்ளை வளர்க்க மிச்சம் இருக்காது. இதை நான் நாச்சிமுத்துவிடம் சொன்னது வேறு மாதிரி. சோளத்தைக் குறைத்துப் புண்ணாக்கை ஏற்றினால் கொட்டகையில் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். புண்ணாக்கு வீணாகும், எச்சம் தண்ணீராகப் போகும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இங்கேயும் அப்படித்தான் போகிறதா என்று கேட்டார். அதை உங்கள் நாயிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழை. சாந்தாமணிக்கு எட்டாம் மாதம். நான் நனைந்துகொண்டு அந்த வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு நாற்றம். கருவாடும் பூஞ்சையும் கலந்த நாற்றம். சாந்தாமணி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் ஒரு உருண்டை களி. நிறம் ராகியும் இல்லை, கம்பும் இல்லை. பாவாயி துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு அமைதி. என்னம்மா இது என்று கேட்டேன். அவருடைய உத்தரவு என்றார். தனித்தனியாகப் பயறு, கொள்ளு, முட்டை என்று எதற்கு அலைய வேண்டும், எல்லாம் கணக்குப் போட்டுக் கலந்த லேயர் தீனியே மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றிவிட்டது. அதைச் சலித்துக் களி கிண்டச் சொல்லியிருக்கிறார்.

அந்த மழையில் புண்ணாக்கு மூட்டைகளில் பச்சைப் பூஞ்சை ஏறியிருந்தது எனக்குத் தெரியும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு ஈரலைத் தின்றுவிடும். பக்கத்துப் பண்ணையில் அதனாலேயே குஞ்சுகள் கும்பலாகச் செத்துக்கொண்டிருந்தன. அது போக அந்தத் தீனியில் கோழி மருந்து வேறு. சாந்தாமணி ஒரு கவளம் எடுத்துவிட்டாள். நான் கையைப் பிடித்தேன்.

கையைப் பிடித்த பிறகு என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. நாச்சிமுத்துவும் கொட்டகையிலிருந்து வந்து நின்றுவிட்டார். எனக்கு நாக்கு நுனியில் நின்றது என்ன தெரியுமா? உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கிறதா, மனுஷியும் கோழியும் ஒன்றா என்று கத்த வேண்டும். நியாயமான கத்தல்தான். ஆனால் பாவாயியின் முகத்தைப் பார்த்தேன். அவர் எத்தனையோ மாதமாக அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தார். மனுஷியும் கோழியும் ஒன்றல்ல என்று அரசாங்கத்து அம்மாவே சொல்லிவிட்டால் போதும், தீனிப் பட்டியல் மொத்தமும் அந்த நிமிடமே குப்பைக்குப் போகும். மறுவேளை ரசம் சோறு. வயிற்றில் இருக்கிற பிள்ளை எடை போடுகிற மாதமே அதுதான். களியை நிறுத்த வேண்டும், கோழியை நிறுத்தக் கூடாது. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் இரண்டையும் யோசிக்க வேண்டியிருந்தது.

“ஏனுங்க, குஞ்சுக்கு லேயர் தீனி போடுவீங்களா?” என்று கேட்டேன்.

நாச்சிமுத்து திடுக்கிட்டார். “அதெப்படீங்க போடறது? அதுல இருக்கற கிளிஞ்சலு குஞ்சோட கிட்னியவே முடிச்சுப்போடும். குஞ்சுக்குத் தனி, வளர்ற கோழிக்குத் தனி, இடற கோழிக்குத் தனிங்க.”

“அப்போ இந்த உருப்படிக்கு?”

அவர் தட்டைப் பார்த்தார். களியைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். பூஞ்சை வாடை அவர் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? முகம் கறுத்துவிட்டது. தட்டை அவரே தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டினார். நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நனைந்த தோளோடு உள்ளே வந்து, “இதுக்குத் தனியா கலவை சொல்லுங்க டீச்சரம்மா, நான் தப்பாம அரைச்சுப் போடறேன்” என்றார்.

நின்ற இடத்தில் கலவை போட்டேன். வறுத்த ராகி, அதில் ஒரு பங்கு பச்சைப்பயறு, ஒரு பங்கு நல்ல நிலக்கடலை, பூஞ்சை பட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு. இது காலையில் கூழ். மதியம் சோறும் கெட்டிப் பருப்பும் கீரையும் தயிரும். தினம் முட்டை, அதுவும் வேகவைத்து. தானியத்தில் குறைகிற சத்தைப் பயறும் பருப்பும் ஈடுகட்டும், பயறில் குறைவதைத் தானியம் ஈடுகட்டும், அதனால் இரண்டும் ஒரே தட்டில் இருந்தால்தான் புரதம் முழுசாகச் சேரும். நீங்கள் பாடத்தில் படித்ததுதான். நாச்சிமுத்து கேட்டுக்கொண்டு, புண்ணாக்கையும் சோளத்தையும் சேர்த்துக் கலப்பது அதற்குத்தானே என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் இது ஒன்றும் புதுசில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பாவாயி துடுப்பைக் கீழே போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். நான் போய்ப் பார்த்தேன். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் ரசம் சோறுதான். மற்றவர்கள் எல்லோரும் தின்று முடித்த பிறகு மிஞ்சியது. அந்த அம்மாவை அதுவரை எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பாவமாக இருந்தது.

நம் வேலையில் ஒருவர் தப்பான காரணத்துக்காகச் சரியான காரியம் செய்துகொண்டிருப்பார். அந்தக் காரணத்தைத் திருத்தப் போகிறேன் என்று நீங்கள் அவசரப்பட்டால் காரியமும் சேர்ந்து கவிழும். எது கவிழ்ந்தால் ஆளுக்கு ஆபத்து என்று பார்த்து அதை மட்டும் பிடியுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். ஒரு பெண்ணை அவள் காது கேட்க உருப்படி என்றும் தீனி என்றும் பேசிக்கொண்டிருப்பது எனக்குக் கூசத்தான் செய்தது. மழை விட்டுக் கிளம்பும்போது சாந்தாமணியிடம் அதைச் சொன்னேன். அதுவரை என்னிடம் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“இருக்கட்டுங்க டீச்சர். கோழின்னு நெனச்சதுக்கப்புறந்தான் எம்பட தட்டுல பருப்பு உழுந்துது” என்றாள்.

தை பிறந்து அவளுக்கு வலி கண்டது. சுகாதார நிலையத்து வண்டிக்குக் காத்திராமல் முட்டை ஏற்றுகிற வேனிலேயே அங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஓட்டுநர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊர்ந்து ஊர்ந்து வந்ததாகப் பாவாயி திட்டிக்கொண்டே இறங்கினார். பெண் குழந்தை. நல்ல எடை. அழுத அழுகை வெளிச்சுவர் தாண்டிக் கேட்டது. டாக்டரம்மா குழந்தையை எடைத்தட்டில் வைத்ததும் நாச்சிமுத்து கதவிடுக்கில் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தார். தாயும் பிள்ளையும் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. “பெரிய சைசுங்க” என்று என்னிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதுவிட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சாயங்காலம் பாவாயி தூக்குப் போசியோடு வந்தார். திறந்தால் மிளகு ரசம், இரண்டு கை சோறு, சுட்ட பூண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். பருப்பு கூடாது, முட்டை கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். நான் ஆரம்பித்தேன். பாவாயி என்னைப் பார்த்த பார்வையில் இத்தனை மாதம் சேர்த்து வைத்தது எல்லாம் இருந்தது.

“முட்டைதான் உட்டாச்சல்லொ அம்மிணி. இனி எதுக்குத் தீனி?”

நாச்சிமுத்துவைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சொறிந்தார். கொட்டகைக் கணக்கு அத்தோடு முடிந்துவிட்டது. பண்ணைக் கோழி இடும், அடைகூட உட்காராது, பால் கொடுக்காது. முட்டை போன பிறகு தாய்க் கோழிக்கு என்ன செய்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இரவல் வாங்கிய கணக்கு இப்படித்தான், எங்கேயோ ஓரிடத்தில் நின்றுவிடும். கறவை மாட்டுக்கு மாறிவிடலாமா என்று யோசித்தேன். நம்புங்கள், வாயைத் திறந்தேவிட்டேன். ஏனுங்க, கன்று போட்ட மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை நிறுத்துவீர்களா என்று கேட்கப் போனேன்.

கட்டிலில் இருந்து சாந்தாமணி பேசினாள். மாமனார் நிற்கிறார் என்று முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை மார்பில் இருந்தது.

“டீச்சர், கோழியும் வேண்டாம், மாடும் வேண்டாமுங்க. எனக்குப் பசிக்குது.”

அந்தக் குடும்பத்தில் ஒரு மருமகள் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, ரெண்டு முட்ட வேக வெச்சுத் தாங்க.”

பாவாயி போசியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மருமகளைப் பார்த்தார், மார்பில் சப்புகிற பிள்ளையைப் பார்த்தார், தான் கொண்டுவந்த ரசத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். போசியை மூடினார். கதவுவரை போய்விட்டுத் திரும்பினார்.

“ரெண்டு போதுமா சாமி?” என்று மருமகளைக் கேட்டார்.